தாய்ப்பால் இலவசமில்லை

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் தாய்ப்பால் நினைவுக்கு வந்துவிடும். 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 தொடங்கி 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். நர்சிங் மாணவிகளின் பேரணி, கோலப்போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி, அதிகாரிகளின் உறுதிமொழி என்று ஏழு நாளும் கழியும். சுவரொட்டியில் ஓர் அம்மா இருப்பார். சிவந்த மேனி, பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. சாய்ந்து உட்கார நாற்காலி, முதுகுக்குத் தலையணை. அவசரம் எதுவும் இல்லாத முகம். கீழே தவறாமல் ஒரு வரி: தாய்ப்பால் இயற்கை தந்த இலவச அமுது.

2025 ஆகஸ்ட் 1 அன்றும் இந்த வாரம் தொடங்கியது. அதே நாளில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இன்னொன்றும் தொடங்கியது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்கள் வேலையை நிரந்தரமாக்கு என்று தூய்மைப் பணியாளர்கள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் தலித்துகள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தவர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அவர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டது சோறு இல்லை, வேலைக்கு உத்தரவாதம்.

அந்த ஏழு நாளில் நான் போன எந்தத் தாய்ப்பால் மேடையிலும் அந்த நடைபாதையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயம் என்றுதான் மேடையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே விஷயம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இலவசம் என்கிற பொய்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. இந்த ஆறு மாதத்துக்கு என்ன செலவாகும் என்பதுதான் கேள்வி.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குடிக்காமல் விட்டால் முதலில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரும். பிறகு சுரப்பே குறையும். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை சொல்கிறது. ஆகவே தாய்ப்பாலுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று நேரம், இன்னொன்று சோறு. நேரத்தைக் கொடுத்தால் கூலி போகும். கூலி போனால் சோறு போகும்.

இதை ஒரு தூய்மைப் பணியாளரின் நாளில் வைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு. அதற்கு ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திரும்ப வர மதியம் இரண்டு. ஒன்பது மணி நேரம். மூன்று அல்லது நான்கு தடவைப் பால் போய்விட்டது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் பதினெட்டு முதல் இருபத்து நான்கு தடவை. இதற்கிடையே பீய்ச்சி எடுத்துச் சேமித்து வைக்கலாமே என்று ஆலோசனை சொல்வார்கள். எங்கே உட்கார்ந்து பீய்ச்சுவது? குப்பை அள்ளிய கையை எந்தக் குழாயில் கழுவுவது? எந்த ஃப்ரிட்ஜில் வைப்பது? ஒதுங்கக் கழிப்பறையே இல்லாமல் காலையில் தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருகிற பெண்களிடம் போய், பால் ஊற நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நகராட்சியில் நான் சந்தித்த இருபத்திரண்டு வயதுப் பெண் குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினார். ஒப்பந்த வேலை. "இன்னும் ரெண்டு வாரம் நின்னா உன் எடத்துக்கு வேற ஆள் வந்துரும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு அக்கா. புள்ளைக்கு எங்க அம்மா பாக்கெட் பால்ல தண்ணி கலந்து குடுக்குது. எனக்குப் பால் ஜாக்கெட்டு நனைய ஊறுது. கூட்டுறப்ப மேல துப்பட்டாவ சுத்திக்குவேன்" என்றார். இவருக்குப் பால் ஊறவில்லையா? தாய்ப்பாலின் அருமை தெரியவில்லையா? இரண்டும் இருந்தது. ஆறு மாதக் கூலி மட்டும் இல்லை.

அறியாமை யாருக்கு?

தாய்ப்பால் பற்றிய அரசுப் பேச்சு முழுக்க 'விழிப்புணர்வு' என்ற ஒரே சொல்லில் ஓடுகிறது. தாய்மார்களுக்குத் தெரியவில்லை, ஆகவே தெரியப்படுத்த வேண்டும். சேனை வைக்கிறார்கள், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறார்கள், கழுதைப்பால் புகட்டுகிறார்கள் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். இந்தப் பழக்கங்கள் இருந்தன, சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றை விடச் சொல்வது சரிதான். ஆனால் சிக்கலின் வேர் அங்கே இல்லை.

தமிழ்நாட்டு எண்களையே எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அநேகமாக ஒவ்வொரு தாயும் ஒரு நர்ஸின் கண்முன்னால்தான் பிள்ளை பெறுகிறார். இதே கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் தமிழ்நாட்டில் 55.1 சதவீதம். இந்திய அளவில் 63.7. பொதுச் சுகாதாரத்தில் நாட்டுக்கே வழிகாட்டி என்று மார் தட்டுகிற மாநிலம், தாய்ப்பாலில் தேசிய சராசரிக்குக் கீழே நிற்கிறது.

அறியாமைதான் காரணம் என்றால், மருத்துவமனைப் பிரசவம் குறைவாக உள்ள மாநிலங்களைவிட நாம் மேலே இருக்க வேண்டும். நிலைமை அப்படி இல்லை. ஆகவே வேறு இடத்தில் தேட வேண்டும். ஒன்று, மருத்துவமனைக்குள்ளேயே தேட வேண்டும். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். வயிற்றைக் கிழித்துத் தைத்த வலியில் கிடக்கும் தாயால் தானாகப் புரண்டு குழந்தையை அணைத்துக்கொள்ள முடியாது. அந்த நேரத்தில் உதவிக்கு ஆள் இல்லையென்றால் குழந்தையின் வாய்க்கு முதலில் போவது பால்பவுடர்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம் மட்டுமே என்கிறது அதே கணக்கெடுப்பு. மீதிக் குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போனதற்கு அறியாமை காரணம் என்றால், அது யாருடைய அறியாமை? அந்த ஒரு மணி நேரமும் குழந்தை மருத்துவமனையின் கையில்தானே இருந்தது?

இன்னொன்று, மருத்துவமனைக்கு வெளியே தேட வேண்டும். தாய் எத்தனையாவது நாளில் வேலைக்குத் திரும்புகிறார் என்று கேட்க வேண்டும். குழந்தையின் எடையை, தடுப்பூசியை, தாயின் இரத்தச்சோகையைப் பதிவு செய்யப் பதிவேடு இருக்கிறது. தாய் வேலைக்குத் திரும்பிய நாளை எழுத நான் பார்த்த எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை.

தொடுவதும் தொடாததும்

தாய்ப்பால் ஆதரவு என்பது வாயால் சொல்லிவிட்டுப் போகிற வேலை இல்லை. குழந்தையை எடுத்துத் தாயின் தோலோடு தோல் படக் கிடத்த வேண்டும். மார்பைப் பிடித்துக் காம்பு மட்டுமின்றிக் கருவளையமும் குழந்தையின் வாய்க்குள் போகும்படி வைக்க வேண்டும். பால் கட்டிய மார்பை நீவிவிட வேண்டும். முதல்முறை தாயாகிற பெண்ணுக்கு அருகில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அதாவது இது தொட்டுச் செய்கிற வேலை.

சாதியச் சமூகத்தில் தொடுதல் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைப்பதில்லை. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவ சேவையைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் தலித் குழந்தைகளைத் தொடுவதைத் தவிர்ப்பதையும், மருந்தைக் கையில் படாமல் கொடுப்பதையும் அது பதிவு செய்தது. தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை என்று சொல்ல நிறையப் பேர் ஓடி வருவார்கள். இங்கே அது வேறு வடிவத்தில் இருக்கிறது. பேறுகால வார்டில் ஒரு கட்டிலில் அரை மணி நேரம் நிற்கிற கால், அடுத்த கட்டிலில் அரை நிமிடம் நிற்கிறது. ஒரு மருத்துவமனையில் என் காதுபடச் சொன்னார்கள்: "உங்க ஏரியா பொம்பளைங்களுக்குச் சொன்னாலும் ஏறாது மேடம், நாளைக்கே துடைப்பத்தைத் தூக்கிட்டுப் போயிருவாங்க." நாளைக்கே துடைப்பத்தைத் தூக்குவது ஏன் என்று அந்த வாய் கேட்கவில்லை.

ஒரே மாநிலம், மூன்று தாய்மார்கள்

தமிழ்நாடு அரசின் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. நல்ல விஷயம். இதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் திருத்தமும் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தன. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம், தாய் தினமும் நான்கு தடவை அங்கே போய்வரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவற்றை எடுத்துக்கொண்டது. இதுவும் நல்ல விஷயம்.

மூன்றாவது தாய் ஒருத்தி இருக்கிறாள். நாற்று நடுகிறவள், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவள், சித்தாள், வீட்டு வேலை செய்கிறவள், ஒப்பந்தத்தில் தெருக் கூட்டுகிறவள். இவளுக்கு எத்தனை வாரம்?

ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு மண் வெட்டிய, சாலை போட்ட பெண்கள். தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. நடைமுறை என்ன? நான் பார்த்த ஊர்களில் ஒப்பந்த நிறுவனம் மாறும்போதெல்லாம் அதே துடைப்பத்தோடு அதே தெருவில் நிற்கும் பெண் பதிவேட்டில் புது ஆளாகிவிடுகிறார். வயிறு தெரிகிற மாதத்தில் 'நின்னுக்கம்மா, பெத்துட்டு வா' என்கிறார்கள். நின்றால் வேலையை விட்டுவிட்டதாகக் கணக்கு. பிள்ளை பெற்று வந்தால் முதல் நாள் வேலை.

காப்பகத்துக்கு ஐம்பது பேர் வேண்டும் என்ற விதியையும் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம், கட்டடத் தொழிலாளர் சட்டம் எல்லாம் ஏறத்தாழ இப்படி ஓர் எண்ணைத்தான் வைத்திருந்தன. வயலில் நடவுக்கு இறங்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். சூளையில் எட்டுக் குடும்பம் இருக்கும். பத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளுக்குப் பத்து முதலாளி. அவளோடு வேலை செய்கிறவர் எண்ணிக்கை ஒன்று. யார் எல்லாரும் சிதறிக் கிடந்து உழைக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. ஐந்து பச்சைக்குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னது. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் போதும். ஏரி வேலைக்குப் போன பெண்களைக் கேளுங்கள், அப்படி ஒரு ஆளை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று.

2015இல் தமிழகம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பயணம் போகிற தாய்க்கு அது தேவைதான். நான் பார்த்த ஒரு பேருந்து நிலையத்தில் அந்த அறைக்குள் துடைப்பமும் வாளியும் பினாயிலும் இருந்தன. துடைப்பத்துக்கு இடம் கொடுத்த அறையில், துடைப்பம் பிடிக்கிற தாய்க்கு உட்கார இடமில்லை.

கணக்குப் போடுவோம்

அதுதான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் கொடுக்கிறோமே என்பார்கள். கொடுக்கிறார்கள். அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். இது இல்லாமல் போயிருந்தால் இன்னும் மோசம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2025-26இல் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். 14,000 ரூபாய் என்பது 42 நாள் கூலிகூட முழுசாக இல்லை. 26 வாரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 156 நாள். அந்தக் கூலி 52,416 ரூபாய். ஒரு தாய் ஆறு மாதம் வீட்டில் இருந்து பால் கொடுக்க, நாட்டின் மிகக் குறைந்த கூலிகளில் ஒன்றை வைத்துக் கணக்கிட்டாலும் இவ்வளவு ஆகும். மிச்சம் 38,416 ரூபாயை யார் கொடுக்கிறார்கள்? தாய் தன் சோற்றிலிருந்து கொடுக்கிறாள், அல்லது குழந்தை தன் பாலிலிருந்து கொடுக்கிறது.

ஒன்றிய அரசின் கணக்கு இன்னும் வெட்கக்கேடு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அதை நிறைவேற்ற வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 என்று வைத்தது. வந்தனா என்றால் வணக்கம். தாயை வணங்கிவிட்டு ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணல் 1928லேயே சொன்னது

பேறுகால ஓய்வின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி புதிதில்லை. 1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கானது. முதலாளிகள் தரப்பு, இதனால் செலவு கூடும் என்றது. அண்ணல் அம்பேத்கர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் சுமையைப் பெரிதும் அரசு தாங்க வேண்டும் என்றார். அரசு தாங்க முன்வராதவரை, பெண்ணை வேலைக்கு வைத்து லாபம் பார்க்கிற முதலாளி அதில் பங்கை ஏற்பதே நியாயம் என்றார். அடுத்த ஆண்டு அது சட்டமானது.

கிட்டத்தட்ட நூறாண்டு ஆகப் போகிறது. அவர் தாய்மையைப் புகழவில்லை. கூலியைப் பேசினார், சுமை யார் தோளில் என்று பேசினார். அவருடைய படத்தை மாட்டி வைத்திருக்கும் அலுவலகங்களிலேயே கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்கு இன்னும் அந்தச் சட்டம் எட்டவில்லை.

வரும் என்று தெரிந்த கேள்விகள்

'எங்க பாட்டிங்க எல்லாம் வயல் வரப்புல தூளி கட்டிப் போட்டுட்டு வேலையும் செஞ்சாங்க, பாலும் குடுத்தாங்க. இப்பத்தான் எல்லாம் கெட்டுப்போச்சு.' இதைச் சொல்பவர்களின் பாட்டிகள் பெரும்பாலும் வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள். சேற்றில் நின்ற பாட்டிகளின் கதை வேறு. குழந்தை தூளியில் கத்தக் கத்த, கரையேற உத்தரவு கிடைக்காமல் குனிந்தே நட்ட கதையைக் கீழத்தஞ்சைச் சேரிகளில் கிழவிகள் இன்றும் சொல்வார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் அது. 1940களில் செங்கொடி பிடித்து அந்தத் தண்டனைகளை ஒழித்தார்கள். பெரியவர்களுக்குச் சாணிப்பால் புகட்டிய பண்ணை, பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்க எவ்வளவு நேரம் விட்டிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். எத்தனை பிள்ளைகள் அந்தத் தூளிகளிலேயே போயின என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் யாருமில்லை.

'பால்பவுடர் கொடுத்துவிட்டுப் போகட்டுமே, பெண்ணை ஏன் கட்டிப் போட வேண்டும்?' பால் கொடுக்க முடியாத, விரும்பாத எந்தத் தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அது அவர் உடல், அவர் முடிவு. ஆனால் வேலை பறிபோகும் என்ற பயத்தில் எடுப்பதை முடிவு என்று சொல்லாதீர்கள். பால்பவுடருக்குச் சுத்தமான தண்ணீர், கொதிக்க வைக்க எரிவாயு, கழுவிக் காய்ச்சிய பாத்திரம், அளவு குறையாமல் போடப் பணம் நான்கும் வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் வயிற்றுப்போக்கு. ஏழை நாடுகளில் பால்பவுடர் கம்பெனிகள் குழந்தைகளுக்கு என்ன செய்தன என்பது 1970களிலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. 1977இல் நெஸ்லேயைப் புறக்கணிக்கும் இயக்கமே நடந்தது. 1981இல் உலக சுகாதார அமைப்பு விதிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் சட்டம் குழந்தைப் பால்பவுடர் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடை செய்கிறது. ஆனால் சேரியில் பால்பவுடரும் வாங்குவதில்லை. வாங்க முடியாது. தண்ணீர் கலந்த பாக்கெட் பாலும், டீயில் நனைத்த ரஸ்க்கும்தான்.

'இது ஏழைகள் பிரச்சினை, இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?' இழுக்கவில்லை, அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எந்த வேலைக்கு விடுப்பு உண்டு, எந்த வேலைக்கு இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். பக்கத்தில் எந்த வேலையை எந்தச் சாதி செய்கிறது என்று இன்னொரு பட்டியல் போடுங்கள். தெருக் கூட்டுகிறவர்கள் யார், நாற்று நடுகிறவர்கள் யார், சூளையில் கிடப்பவர்கள் யார்? இரண்டு பட்டியலும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். நகரத்தில் வீட்டு வேலைக்குப் போகிற எத்தனையோ பெண்கள் முதலாளியம்மாவின் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, தூங்க வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு 26 வார விடுப்பு. குளிப்பாட்டுகிற பெண்ணின் குழந்தை அந்த நேரத்தில் ஏழு வயது அக்காவின் இடுப்பில். அக்காவுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு தாய்க்கு விடுப்பு மறுத்தால் இரண்டு குழந்தைகளின் வாழ்க்கையில் கை வைக்கிறோம்.

'பணத்துக்கு எங்கே போவது?' பன்னிரண்டு மாதம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. கர்நாடகம் 2023இல் கூலி வேலைக்குப் போகும் தாய்மாரின் சிறு குழந்தைகளுக்காக 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனெ' என்ற காப்பகங்களை அறிவித்தது. டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தும் வேலையை மொபைல் கிரஷஸ் அமைப்பு 1969இலேயே தொடங்கிவிட்டது. செய்ய முடியாத வேலை என்று எதுவும் இல்லை.

நாம் கேட்க வேண்டியது

தாய்ப்பாலுக்கு ஆதரவு என்றால் எனக்கு இவைதான் பொருள்:

1. என்ன வேலை செய்தாலும், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உழைக்கிற ஒவ்வொரு தாய்க்கும் 26 வாரக் குறைந்தபட்சக் கூலி. இத்தனையாவது குழந்தை என்ற நிபந்தனை கூடாது. மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்கும் பசிக்கும்.

2. தூய்மைப் பணியில் ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் பெண்ணின் பணிக்காலம் தொடர்வதாகக் கணக்கிட வேண்டும். மகப்பேறு ஊதியத்துக்கு மாநகராட்சியும் நகராட்சியும் நேரடிப் பொறுப்பு. பேறுகாலத்தில் வேலையை விட்டு நிறுத்தினால் ஒப்பந்தம் ரத்து.

3. காப்பகத்துக்கு ஐம்பது பேர் என்ற எண்ணைத் தூக்கி எறிய வேண்டும். வேலை செய்யும் இடத்தை வைத்துக் கணக்கிடாமல், குடியிருக்கும் தெருவை வைத்துக் காப்பகம் அமைக்க வேண்டும். சேரிக்குள்ளேயே அது இருக்க வேண்டும். வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் காப்பகம் ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். அந்தத் தெருப் பெண்களுக்கே அங்கே முறையான சம்பளத்தோடு வேலை.

4. ஒவ்வொரு வருகைப் பதிவு இடத்திலும் தண்ணீர், கழிப்பறை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. பால் கொடுக்கும் இரண்டு இடைவேளையும் கூலி பிடித்தமின்றி.

5. அரசு மருத்துவமனைப் பேறுகால வார்டுகளில் இரவும் பகலும் தாய்ப்பால் ஆதரவுக்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள். அந்தப் பணியிடங்களில் தலித் பெண்களும் இருக்க வேண்டும். துடைக்கிற வேலைக்கு மட்டும் அவர்களை உள்ளே விடுகிற வழக்கம் முடிய வேண்டும்.

இவை நடக்கும்வரை விழிப்புணர்வுப் பேரணிகளால் நம் தெருக் குழந்தை ஒன்றுக்கும் ஒரு வாய்ப் பால் கூடப் போவதில்லை. சொல்லப் போனால் கெடுதல்தான். கொடுக்க வழியில்லாதவளிடம் கொடு கொடு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவளுக்கு மிஞ்சுவது குற்றவுணர்வு மட்டும். அரசு செய்யாத வேலைக்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

தோழர்களே, அடுத்த ஆகஸ்டில் உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ தாய்ப்பால் வாரம் கொண்டாடுவார்கள். போங்கள். போய், பேச்சு முடிந்து கேள்வி நேரம் வரும்போது எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: இன்று காலை இந்த மண்டபத்தைக் கூட்டிய அம்மாவுக்கு மகப்பேறு விடுப்பு எத்தனை நாள்? பதில் சொல்லாமல் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக விடாதீர்கள்.